போன வட்டும் புது இனிட்டும்

ஒரு கணினி எழுந்திருக்க மறுத்தால், கடைசியாக அதைத் தொட்டவர் தலையில்தான் பழி விழும். செகந்தராபாத் பத்மாராவ் நகரில் உள்ள ஒரு வாசகசாலையிலும் அதுதான் நடந்திருந்தது. பார்க் லேன் பக்கம் ஏதோ ஒரு கடையிலிருந்து வந்த பையன் லினக்ஸைப் புதுப்பித்து, அணைத்துவிட்டுப் போனான். மறுநாள் காலையிலிருந்து கணினி பூட் ஆகவில்லை. "அப்டேட் சேசினாக சச்சிபோயிந்தி சார்" என்றார் பொறுப்பாளர். அப்டேட் செய்தபிறகு செத்துவிட்டது என்பது வாக்குமூலம். இன்னொரு கடையில் மதர்போர்டு போய்விட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். துணி போர்த்தி, அலமாரிக்குப் பின்னால் தள்ளி, வருடக்கணக்காக அப்படியே கிடந்தது.

நான் அங்கே போனது கணினி பழுது பார்க்க அல்ல. ஹைதராபாத்-செகந்தராபாத் இரட்டை நகரங்களில் குடியேறிய தமிழர்கள் சேர்த்துவைத்த புத்தகங்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது, அது அந்தக் கணினிக்குள் இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். பட்டியல் வேண்டுமென்றால் கணினி எழுந்தாக வேண்டும். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டினால் கோப்புகள் கிடைத்துவிடும்தான். ஆனால் ஆவணக்காப்பகத்தில் ஒரு கட்டைப் பிரிக்கும் முன் அது கட்டப்பட்டிருந்த விதத்தைக் குறித்துக்கொள்வது என் தொழில் பழக்கம். பிளக்கைச் செருகி, அது எப்படிச் சாகிறது என்று முதலில் பார்த்தேன்.

மதர்போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. எதை ஏற்றுவது என்று கேட்கும் கிரப் பட்டியல் வந்தது, கெர்னல் ஏறியது, பச்சை நிறத்தில் 'ஓகே' வரிகள் மளமளவென்று ஓடின. பிறகு ஒரு வரியில் நின்றது. சதுர அடைப்புக்குள் சிவப்பு நட்சத்திரங்கள் இடமும் வலமுமாக நகர்ந்தன. பக்கத்தில், இன்ன அடையாள எண் கொண்ட வட்டுக்காகக் காத்திருப்பதாக ஆங்கிலத்தில் ஒரு செய்தி. ஒரு நிமிடம் 30 விநாடி என்ற கெடு. ஏறிக்கொண்டே போகும் கடிகாரம். கெடு முடிந்ததும் அவசரநிலைத் திரை வந்தது. நிர்வாகிக்கான ரூட் கடவுச்சொல்லைக் கேட்டது. அது யாருக்கும் தெரியவில்லை. சாதாரணப் பயனரின் கடவுச்சொல் மட்டும் கேபினட்டின் பக்கவாட்டில் ஒட்டிய தாளில் இருந்தது.

அந்த நட்சத்திரங்கள் சிஸ்டம்டியின் கையெழுத்து. லினக்ஸில் கெர்னல் ஏறியவுடன் அது தொடங்கிவைக்கும் முதல் நிரலுக்கு இனிட் என்று பெயர். அதன் எண் எப்போதும் 1. வீட்டில் முதலில் எழுந்து, வாசல் தெளித்து, அடுப்பைப் பற்றவைத்து, மற்றவர்களை எழுப்பும் ஆள் மாதிரி. வட்டுகளை இணைப்பது, வலையமைப்பைத் திறப்பது, உள்நுழையும் திரையைக் காட்டுவது எல்லாம் அதன் பொறுப்பில் நடக்கும். இந்தக் கணினியில் இருந்த லினக்ஸ் வகை டெபியன். அது நீண்ட காலம் வைத்திருந்தது சிஸ்வி இனிட். 1983-இல் ஏடி அண்ட் டி வெளியிட்ட சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸின் பாணியில், நெதர்லாந்தைச் சேர்ந்த மிகேல் ஃபான் ஸ்மூரன்புர்க் லினக்ஸுக்காக எழுதியது. எண் போட்டு வரிசைப்படுத்திய ஷெல் ஸ்கிரிப்டுகளை அது ஓட்டும். ஒன்று தோற்றால் ஒரு முணுமுணுப்பு, பெரும்பாலும் அடுத்ததற்குப் போய்விடும். சிஸ்டம்டி வேறு பிறவி. லெனார்ட் பாட்டரிங் 2010 ஏப்ரல் 30 அன்று அதன் யோசனையை எழுதி வெளியிட்டார். 2011-இல் ஃபெடோரா 15 அதை ஏற்றது. 2015 ஏப்ரல் 25 அன்று வெளிவந்த டெபியன் 8, அதாவது ஜெஸ்ஸி, அதையே இயல்பான இனிட் ஆக்கியது. எது எதை நம்பியிருக்கிறது என்று சிஸ்டம்டி கணக்கு வைத்துக்கொள்ளும். தேவை என்று சொல்லப்பட்ட ஒன்று வராவிட்டால் மேலே போகாது.

ஆக, இது முந்தைய பதிப்பான வீஸியிலிருந்து ஜெஸ்ஸிக்கு ஏறிய கணினி. ஏறும்போது இனிட் மாறியிருக்கிறது. கடைப் பையன்மீது விழுந்த பழிக்கு ஆதாரம் வலுவாகத்தான் தெரிந்தது. நேற்று வரை ஓடியது, இன்று ஓடவில்லை, நடுவில் மாறியது இனிட். இதோடு முடித்துக்கொள்பவர்கள்தான் அதிகம்.

என் முதல் சந்தேகம், நினைவகம் போதாதபோது உதவும் ஸ்வாப் பகுதிமீது. ஒரே வட்டில் இரண்டாவதாக ஒரு லினக்ஸை நிறுவும்போது, நிறுவி ஸ்வாப்பைப் புதிதாக வடிவமைத்துவிடும். அதன் அடையாள எண் மாறும். முதல் லினக்ஸ் பழைய எண்ணைத் தேடிக்கொண்டு நிற்கும். அடிக்கடி நடப்பது இது. ஆனால் அந்தச் சிக்கலில் கணினி 90 விநாடி காத்துவிட்டு, ஸ்வாப் இல்லாமலேயே எழுந்துவிடும். அவசரநிலைக்குப் போகாது. இங்கே போயிருக்கிறது. அப்படியானால் தேடப்படுவது கோப்புகள் வைக்கும் ஒரு வட்டு. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

அடுத்ததாக, எதிராளியையே சாட்சிக் கூண்டில் ஏற்ற ஒரு வழி இருந்தது. ஜெஸ்ஸியைத் தயாரித்தவர்கள் பழைய இனிட்டை அடியோடு எடுத்துவிடவில்லை. வீஸியிலிருந்து ஏறிய கணினிகளில் அதன் ஒரு பிரதியை லிப் அடைவுக்குள் சிஸ்விஇனிட் என்ற துணை அடைவில் விட்டுவைத்தார்கள். புது இனிட் காலை வாரினால் ஒருமுறை பழையதைக் கொண்டு எழுப்பிப் பார்க்கலாம் என்பதற்காக. கிரப் பட்டியலில் 'இ' விசையை அழுத்தி, கெர்னல் வரியின் கடைசியில் 'இனிட் சமம்' என்று அந்தப் பாதையைத் தட்டச்சு செய்தேன். சிவப்பு நட்சத்திரம் இல்லை, கெடு இல்லை. ஒரு வட்டை இணைக்க முடியவில்லை என்று ஒரு வரி மின்னி மறைந்தது. கண் சிமிட்டினால் தவறவிட்டிருப்போம். பிறகு உள்நுழையும் திரை. தாளில் இருந்த கடவுச்சொல் வேலை செய்தது. அந்தப் பயனருக்கு ரூட்டாகக் கட்டளையிடும் சூடோ உரிமையும் இருந்தது.

"பதிகிந்தி!" என்றார் பொறுப்பாளர். பிழைத்துக்கொண்டது என்று. எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியமாகப் பட்டது. பழைய இனிட்டுக்கும் அந்த வட்டு கிடைக்கவில்லை. அது சத்தம் போடவில்லை, அவ்வளவுதான்.

எந்த வட்டுகளை எங்கே இணைக்க வேண்டும் என்று சொல்லும் கோப்பு இடிசி அடைவில் உள்ள எஃப்எஸ்டேப். ஒரு வரிக்கு ஆறு பத்திகள். ஆவண ஆய்வாளருக்கு இது நல்ல தீனி, ஏனென்றால் இதில் இரண்டு கைகளின் எழுத்து தெரியும். டெபியன் நிறுவி எழுதிய வரிகளுக்கு மேலே, நிறுவும்போது இன்னது இன்ன பகுதியில் இருந்தது என்று ஒரு குறிப்பு இருக்கும். பத்திகள் இடைவெளி விட்டு நேராக நிற்கும். இங்கே கடைசி வரிக்கு மேல் குறிப்பு எதுவும் இல்லை. பத்திகளுக்கிடையே ஒற்றை வெளி. இணைக்கும் இடம் மீடியா அடைவில் 'புஸ்தகாலு'. புத்தகங்கள் என்பதற்குத் தெலுங்கு. மனிதக் கை, உள்ளூர்க் கை.

வட்டின் அடையாளத்துக்கு இடைக்கோடில்லாத 16 எழுத்துகள். அடையாள எண்ணின் உருவமே ஊரைச் சொல்லிவிடும். லினக்ஸின் ஈஎக்ஸ்டி வகைக் கோப்பு முறைமை என்றால் கோடுகளோடு சேர்த்து 36 எழுத்து. பென் டிரைவில் வரும் ஃபேட் என்றால் நடுவில் கோடு போட்ட எட்டு. 16 என்றால் என்டிஎஃப்எஸ், விண்டோஸில் வடிவமைத்த வட்டு. பகுதிகளைப் பட்டியலிடும் பிஎல்கேஐடி கட்டளையில் அந்த 16 எழுத்து எங்கும் வரவில்லை. அப்படியானால் வெளியிலிருந்து யூஎஸ்பியில் செருகிய ஹார்ட் டிஸ்க் ஒன்று. இப்போது இங்கே இல்லை.

ஆறாவது பத்தியில் 0 இருந்தது. எழும்போது இந்த வட்டைப் பரிசோதிக்க வேண்டாம் என்று அதற்கு அர்த்தம். அது 2 என்று இருந்திருந்தால், பழைய இனிட்டும் பரிசோதனைக் கட்டத்திலேயே வட்டு இல்லை என்று முறைத்துக்கொண்டு நின்றிருக்கும். ஒரு சுழி போட்டதால் அந்த வாய்ப்பும் போனது.

கேள்வி இப்போது தேதிக்கு வந்து நின்றது. வட்டு போனது முதலிலா, இனிட் மாறியது முதலிலா? மாறியது எப்போது என்று அறிய, டெபியனில் தொகுப்புகளை நிறுவும் டிபிகேஜியின் தகவல் அடைவைப் பார்த்தால் போதும். ஒவ்வொரு தொகுப்புக்கும் அங்கே ஒரு பட்டியல் கோப்பு உண்டு. தொகுப்பு கடைசியாக நிறுவப்பட்டபோது அந்தக் கோப்பு எழுதப்படும். சிஸ்டம்டி-சிஸ்வி என்ற தொகுப்பின் பட்டியல் கோப்பில் இருந்த தேதிதான் இனிட் கைமாறிய தேதி. பிறகு புதுப்பித்திருந்தால் அந்தத் தேதி அழிந்திருக்கும். எழாத கணினியை யார் புதுப்பிக்கப் போகிறார்கள்? செத்துக் கிடந்ததே சாட்சியத்தைக் காப்பாற்றியிருந்தது. மாதாமாதம் சுழன்று 12 பிரதிகளோடு நிற்கும் டிபிகேஜி பதிவேடும் அதே காரணத்தால் சுழலாமல் உறைந்திருந்தது. இரண்டும் ஒரே இரவைக் காட்டின. எழாமல் போன காலைகளைப் பற்றி மட்டும் ஒரு பதிவும் இல்லை. சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னல் ஜெஸ்ஸியில் இயல்பாக நினைவகத்தில்தான் இருக்கும், அணைத்தால் போய்விடும். டெபியன் 11 வந்த 2021-இல்தான் அதை வட்டில் நிலையாக வைக்கும் இயல்பு வந்தது. தோல்வி தன் குறிப்பைத் தானே அழித்துக்கொள்ளும் ஏற்பாடு. டெபியனின் அந்தக் காலத் தேர்வுகளில் எனக்கு இன்றும் சம்மதமில்லாத ஒன்று அது.

வட்டு போன தேதி எங்கே கிடைக்கும்? எதிர்பார்க்காத இடத்தில் கிடைத்தது. வட்டு இணைக்கப்படாதபோது 'புஸ்தகாலு' வெறும் காலி அடைவாக இருந்திருக்க வேண்டும். திறந்தால் உள்ளே கோப்புகள். நான் தேடி வந்த தமிழ்ப் புத்தகப் பட்டியலின் விரிதாள்கள்! யாரோ அந்த அடைவுக்கு 777 உரிமை கொடுத்திருக்கிறார்கள். எனவே யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம். வட்டு இருக்கிறது என்ற நம்பிக்கையில் தினமும் சேமித்திருக்கிறார்கள். அவையெல்லாம் கணினியின் உள்வட்டில், அந்த அடைவுக்கடியில் போய் விழுந்திருக்கின்றன. கோப்புகளில் மிகப் பழையதன் தேதி, இனிட் மாறுவதற்குப் பல மாதங்கள் முந்தையது. வட்டு போனபிறகும் கணினி அத்தனை காலம் தினமும் எழுந்திருக்கிறது. பழைய இனிட் தினமும் அந்த ஒரு வரியை முணுமுணுத்திருக்கிறது.

பழைய கணினியின் தேதிகளை அப்படியே நம்பிவிடக் கூடாது. மதர்போர்டில் உள்ள வட்டமான பேட்டரி தீர்ந்திருந்தால் கடிகாரம் எங்கேயோ பின்னால் போயிருக்கும், கோப்புகளின் தேதிகள் பொய் சொல்லும். அதனால் விரிதாள்களுக்குள் பட்டியலிட்டவர்கள் கையால் இட்ட பதிவுத் தேதிகளோடு ஒப்பிட்டேன், பொருந்தின. பிறகு பொறுப்பாளரிடம் ஸ்டாக் ரெஜிஸ்டர் இருக்கிறதா என்று கேட்டேன். நீல அட்டை போட்ட, மூலைகள் கிழிந்த நீள நோட்டு. முதல் கோப்பின் தேதிக்கு இரண்டு நாள் முன்னால், தெலுங்கில் ஒரு வரி: ஹார்ட் டிஸ்க் ஒன்று, ஸ்கேனிங் வேலைக்குக் கொடுத்தது. 'திரும்பியது' பத்தி காலி. பெரியவரான பொறுப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அந்த வரியை மறுபடி படித்தார். கையெழுத்து அவருடையது. காகிதமும் கணினியும் ஒரே கதையைச் சொல்லிவிட்ட இடம் அது. கடைப் பையன் விடுதலை.

ஆனால் வழக்கு அங்கே முடிந்துவிடவில்லை. இத்தனை பேரின் கணினிகள் எழும் முறையை மாற்றும் முடிவை யார், எப்படி எடுத்தார்கள் என்று பார்க்காமல் விட எனக்கு மனமில்லை. டெபியனில் எல்லாம் எழுத்தில் இருக்கும். இந்த வழக்கின் கட்டு எண் 727708. எந்த இனிட்டை இயல்பாக வைப்பது என்று தொழில்நுட்பக் குழு முடிவு செய்ய வேண்டும் என்று கேட்டு 2013 அக்டோபரில் திறந்த புகார் எண் அது. படிக்க ஆரம்பித்தால் எழுந்திருக்க முடியாது. ஒரு பக்கம் சிஸ்டம்டி, எதிர்ப்பக்கம் உபுண்டுவின் கனானிகல் நிறுவனத்தில் உருவான அப்ஸ்டார்ட். ஓரமாக ஓபன்ஆர்சியும் பழைய சிஸ்வியும். சிஸ்டம்டி லினக்ஸ் கெர்னலில் மட்டுமே ஓடும், டெபியனோ ஃப்ரீபிஎஸ்டி கெர்னலிலும் ஒரு வடிவம் வைத்திருந்தது. அதை என்ன செய்வது? அப்ஸ்டார்ட்டுக்குப் பங்களிக்கக் கனானிகலின் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும், அது சரியா? க்னோம் திரைச்சூழல் ஏற்கெனவே சிஸ்டம்டி பக்கம் சாய்ந்துவிட்டதே? இப்படிப் பல மாதம். குழு உறுப்பினர் ரஸ் ஆல்பெரி வாயால் வாதிட்டதோடு நிற்கவில்லை. தன் தொகுப்பு ஒன்றை இரண்டு முறையிலும் ஓட வைத்துப் பார்த்துவிட்டு எழுதினார். அந்தக் கட்டில் படிக்கவேண்டிய ஒரே ஒரு குறிப்பைக் கேட்டால் அதைத்தான் காட்டுவேன்.

குழுவில் எட்டுப் பேர். பிடேல் கார்பீ, ரஸ் ஆல்பெரி, டான் ஆம்ஸ்ட்ராங், கீத் பேக்கார்ட் ஆகியோர் சிஸ்டம்டி பக்கம். இயன் ஜாக்சன், ஸ்டீவ் லாங்காசெக், ஆண்ட்ரியாஸ் பார்த், காலின் வாட்சன் அப்ஸ்டார்ட் பக்கம். நாலுக்கு நாலு. 2014 பிப்ரவரி 11 அன்று தலைவர் பிடேல் கார்பீ தன் தீர்மானிக்கும் வாக்கை சிஸ்டம்டிக்கு அளித்தார். மூன்றாம் நாள், உபுண்டுவும் அதன் பின்னால் போகும் என்று அதன் நிறுவனர் மார்க் ஷட்டில்வொர்த் அறிவித்துவிட்டார். அந்த ஆண்டு நவம்பரில் ஆல்பெரி, வாட்சன், ஜாக்சன் மூவரும் குழுவை விட்டு விலகினார்கள். ஒத்துப்போகாதவர்கள் பிரிந்து, சிஸ்டம்டி இல்லாத டெவுவான் என்ற தனி வகையைத் தொடங்கினார்கள். அதன் முதல் பதிப்பு 2017-இல் வந்தது.

பத்மாராவ் நகருக்கு இதில் என்ன சம்பந்தம் என்றால், இந்தியாவில் பொதுப்பணத்தில் வாங்கிய கணினிகளில் டெபியனின் வேர் ஆழமாக ஓடுகிறது. மத்திய அரசின் கணினி ஆய்வு மையமான சி-டாக்கின் சென்னைக் கிளை 2007 ஜனவரியில் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் டெபியன்மேல் கட்டியது. தமிழ்நாட்டு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுக்குப் பக்கத்தில் அது இருந்தது. பூட் பட்டியலில் அதைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனவர்கள் இதைப் படிப்பவர்களிலும் இருப்பார்கள். எட்டுப் பேர் குழுவில் ஒரு கூடுதல் வாக்கு இங்கே வரை வந்து சேரும்.

முடிவைவிட எனக்கு உறைத்தது வேறொரு ஆவணம். ஜெஸ்ஸியின் வெளியீட்டுக் குறிப்புகளில் 5-ஆம் அத்தியாயம், கவனிக்கவேண்டிய சிக்கல்கள் பற்றியது. அதில் இந்த வாசகசாலையின் கதை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. எழும்போது இணைக்கவேண்டிய வட்டு கிடைக்காவிட்டால் சிஸ்டம்டி பழையதைப்போல விட்டுவிடாது, அவசரநிலைக்குப் போகும். கழற்றி மாட்டும் வட்டுகளுக்கு எஃப்எஸ்டேப்பில் நோஃபெயில் அல்லது நோஆட்டோ என்று சேர்த்துவிடுங்கள் என்று தெளிவாக எச்சரித்திருக்கிறார்கள். ஒரு பத்தி. இரண்டு நிமிடத்தில் படித்துவிடலாம்.

யார் பக்கம் நியாயம்? சிஸ்டம்டி கண்டிப்பானது. ரூட் கடவுச்சொல் தெரியாத பெரியவர் முன்னால் அவசரநிலைத் திரையைக் கொண்டுவந்து நிறுத்துவது கல்நெஞ்சு வேலை. ஆங்கிலம் தெரிந்தவருக்கே அந்தத் திரை புரியாது. இருந்தாலும் இரண்டில் ஆபத்தானது பழையதன் மௌனம்தான் என்பேன். இன்னும் ஒரு வருடம் அப்படியே ஓடியிருந்தால் உள்வட்டு நிரம்பியிருக்கும், அல்லது ஸ்கேனிங்குக்குப் போன வட்டு திரும்பி வந்து செருகப்பட்டு, அதற்கடியில் கிடந்த பட்டியல் முழுதும் கண்ணிலிருந்து மறைந்திருக்கும். அழிந்திருக்காது, ஆனால் இருக்கிறது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

அதனால்தான் சரிசெய்யும்போது, எல்லோரும் சொல்லும் நோஃபெயில் மருந்தை அப்படியே போட எனக்குக் கை வரவில்லை. அந்த ஒரு சொல்லைச் சேர்த்தால் கணினி எழும். கூடவே பழைய மௌனமும் திரும்பும், கோப்புகள் மறுபடி காலி அடைவில் விழும். முதலில் விரிதாள்களைப் பயனரின் சொந்த அடைவுக்கு நகர்த்தி, ஒரு பிரதி எடுத்தேன். எஃப்எஸ்டேப்பில் அந்த வரியின் முன்னால் முள் குறி போட்டு முடக்கினேன். அழிக்கவில்லை, அந்த 16 எழுத்து நாளை வட்டை அடையாளம் காட்டும். 'புஸ்தகாலு' அடைவை ரூட்டுக்கே சொந்தமாக்கி, சேட்டர் கட்டளையால் மாற்ற முடியாததாகப் பூட்டினேன். வட்டு செருகி இணைத்தால் அதற்குள் எழுதலாம். இணைக்காவிட்டால் யாராலும் எதையும் அங்கே போட முடியாது. மறுபடி எழுப்பினேன், இந்த முறை சிஸ்டம்டியோடு. நட்சத்திரங்கள் வரவில்லை.

ஜெஸ்ஸிக்கு நீண்டகால ஆதரவும் 2020 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது. அதனால் அந்தக் கணினியை இணையத்தோடு இணைக்க வேண்டாம் என்று எழுதி ஒட்டிவிட்டு வந்தேன். அலமாரியில் கிடந்த ஹார்ட் டிஸ்குகள் எதிலும் அந்த 16 எழுத்து இல்லை; ரெஜிஸ்டரில் 'திரும்பியது' பத்தி இன்னும் காலிதான்.

உங்கள் பள்ளியிலோ நூலகத்திலோ இப்படிப் போர்த்திவைத்த லினக்ஸ் கணினி இருந்தால், எடைக்குப் போடும் முன் இரண்டைப் பாருங்கள். எஃப்எஸ்டேப்பில் சொல்லப்பட்ட ஒவ்வொரு அடையாளமும் பிஎல்கேஐடி காட்டும் பட்டியலில் இருக்கிறதா? ஒவ்வொரு இணைப்பு அடைவும், வட்டைக் கழற்றியபின், உண்மையிலேயே காலியாக இருக்கிறதா? இரண்டாவது கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால், முதலில் பிரதி எடுங்கள். பழுதுபார்ப்பைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.